ஓட்டையைத் தேடும் மின்சாரம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

குடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வீடு வந்து சேர்வதற்குள் அது தெரிந்துவிடும். இடுப்பில் புடவை நனையும். வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரக்கோடு கிடக்கும். அம்மா குடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார். வெளிச்சம் தெரியும் இடமே ஓட்டை. நாம் இங்கு பேசப் போவதோ மூன்று நான்கு ஏக்கர் பரப்புள்ள ஒரு குடத்தைப் பற்றி! அதைத் தூக்கிப் பிடிக்க இயலாது. கவிழ்த்துப் பார்க்கவும் இயலாது. அதன்மேல் இரண்டடி உயரத்துக்கு மண்ணும் சரளைக் கல்லும் கிடக்கும். அதில் எங்கோ ஓரிடத்தில் மிளகு அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கிறார்கள், வாசகர்களே! தோண்டிப் பார்த்து அல்ல, மின்சாரத்தைக் கொண்டு.

முதலில் அந்தப் பெருங்குடம் எது என்று சொல்லிவிடுகிறோம். நகரத்துக் குப்பையை மண்ணில் புதைக்கும் இடங்களிலும், தொழிற்சாலைக் கழிவுநீரைத் தேக்கும் குளங்களிலும், சுரங்கங்களை ஒட்டிய தொட்டிகளிலும் தரை முழுவதும் ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரிக்கிறார்கள். இதற்கு ஜியோமெம்பிரேன் என்று பெயர். பெரும்பாலும் கறுப்பு நிறத்தில், 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். அடர்த்தி மிகுந்த பாலித்தீனால் செய்யப்படுவது. வெயிலில் நைந்து போகாதிருப்பதற்காக நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கரிப்பொடி சேர்ப்பதால்தான் அந்தக் கறுப்பு. நம் ஊர்ப் பக்கம் பண்ணைக்குட்டைகளில் நீர் கீழே இறங்காமலிருக்க விரிக்கும் தாளையும், இறால் குளங்களின் விரிப்பையும் பார்த்தவர்கள் இதன் தம்பியையும் தங்கையையும் பார்த்தவர்களே.

குப்பை ஊறிய நீர் மிகவும் பொல்லாதது. மழைநீர் குப்பையினூடே இறங்கும்போது அதிலுள்ள அழுகலையும் உப்பையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கரிய நிறத்தில் வடிகிறது. அது நிலத்தடி நீரில் கலந்துவிட்டால் சுற்றுப்புறத்துக் கிணறுகள் எல்லாம் கெட்டுப்போகும். கெட்ட கிணற்றைச் சீர்செய்வது ஆண்டுக்கணக்கான வேலை. ஆகவேதான் அமெரிக்க அரசு 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளில், நகரக் குப்பையைப் புதைக்கும் இடங்களின் அடியில் 60 சென்டிமீட்டர் இறுகிய களிமண்ணும், அதை ஒட்டி மேலே விரிப்பும் இருக்க வேண்டும் என்று கூறியது. விரிப்பு அடர்பாலித்தீன் என்றால் கனம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. களிமண்ணில் நீர் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நம் இந்திய நாட்டில் 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளியான விதிகளும் அதே கனமுள்ள விரிப்பைக் கேட்டன. களிமண்ணைப் பொறுத்தவரை 90 சென்டிமீட்டர் என்று ஒருபடி கூடுதலாகவே கேட்டன.

விதி இருந்தால் போதுமா? விரிப்பு கிழியாமல் இருக்க வேண்டுமே! அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பைனி பாயிண்ட் என்று ஓர் இடம் உண்டு. டாம்பா விரிகுடாவுக்கு அருகில் உள்ளது. அங்கே முன்பு பாஸ்பேட் உரத் தொழிற்சாலை ஒன்று நடந்துவந்தது. தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அதன் கழிவான ஜிப்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலின் தலையில் குளங்கள்; குளங்களுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு குளத்தில் மட்டும் 48 கோடி காலன் நீர் நின்றது. 2021ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அந்த விரிப்பில் கசிவு காணப்பட்டது. கரை உடைந்து மொத்த நீரும் ஊருக்குள் பாய்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் 300க்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். ஏப்ரல் 3ஆம் நாள் ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். கரையின் பாரத்தைக் குறைக்க வேறு வழியின்றி ஏறத்தாழ 21.5 கோடி காலன் நீரை, அதாவது சுமார் 81 கோடி லிட்டரை, விரிகுடாவில் இறைத்துவிட நேர்ந்தது. கரை பிழைத்தது, கடல்தான் பாவம், அத்தனை உரச்சத்தையும் ஏற்றுக்கொண்டது. உரச்சத்து மிகுந்தால் பாசி பெருகும், பாசி பெருகினால் மீன்கள் மூச்சுத் திணறும் என்பதை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளும் அறிவார்கள்.

சிறிய ஓட்டையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. விரிப்பின்மேல் 30 சென்டிமீட்டர் நீர் நிற்கிறது. அடியில் களிமண் இல்லை, வெறும் சரளைதான் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையின் குறுக்களவு 2 மில்லிமீட்டர். டாரிசெல்லி கண்ட சூத்திரப்படி நீர் நொடிக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். துவாரத்தின் விளிம்பில் நீர்த்தாரை ஒடுங்கிப் போவதற்காக 0.6 என்னும் எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் இருமுறை போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 390 லிட்டருக்கு மேல் வருகிறது. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் இருபத்தாறு குடம்! ஒரே ஒரு கடுகளவு ஓட்டை! அடியில் நல்ல களிமண் ஒட்டிப் படிந்திருந்தால் இது மிக மிகக் குறைந்துவிடும். விரிப்பையும் களிமண்ணையும் சேர்த்தே போடச் சொல்வதன் காரணம் இதுதான்.

சரி, ஓட்டை எப்படி விழுகிறது? விரிப்பு சுமார் 7 மீட்டர் அகலமுள்ள சுருள்களாக வருகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு விரித்தால் சுருளோடு சுருளை ஒட்டும் மூட்டு மட்டும் ஏறத்தாழ 1,400 மீட்டர் நீளம். சூடேற்றிய உலோக ஆப்பை இரண்டு விரிப்புகளுக்கு இடையில் ஓடவிட்டு, உருகும் பரப்புகளை அழுத்தி ஒட்டுகிறார்கள். மூட்டில் இரண்டு வரிசை ஒட்டும், நடுவில் காற்றுக்கு ஒரு சந்தும் இருக்கும். அந்தச் சந்தின் இரு முனைகளையும் அடைத்து, காற்றடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் பார்ப்பார்கள். ஒட்டுப் போட்ட இடங்களில் சோப்புநீர் பூசி, கண்ணாடி மூடியுள்ள ஒரு பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். குமிழி வந்தால் ஓட்டை. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பதற்கு இது தூரத்துச் சொந்தம்.

இவையெல்லாம் மூட்டைத்தான் சோதிக்கின்றன. மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே இருக்கும் ஏழு மீட்டர் அகலப் பரப்பில் வேலையாளின் கத்தி விழுந்திருக்கலாம். அடியில் ஒரு கூரிய கல் துருத்திக்கொண்டிருக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து பிறகுதான் வருகிறது. விரிப்பின்மேல் நீர் வடிவதற்காகச் சரளையைக் கொட்டி, புல்டோசரால் பரப்புகிறார்கள். விரிப்பைக் காப்பதற்காகவும் போடுகிற அந்தப் போர்வையே விரிப்பைக் குத்துகிறது! 300க்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்த விவரங்களைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓட்டைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்படி மேற்போர்வை போடும்போதே விழுந்தவை என்று கண்டது. கல் மூடிய பிறகு கண்ணால் பார்ப்பது எப்படி? கண் தோற்ற இடத்தில்தான் மின்சாரம் கைகொடுக்கிறது.

பாலித்தீன் மின்சாரத்தைக் கடத்தாது. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறெதையோ தேடிய இரசாயன ஆய்வில் தற்செயலாகக் கிடைத்த பொருள் இது. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அமைந்து பேர்பெற்றது. கரிப்பொடி கலந்திருந்தாலும் விரிப்பில் மின்சாரம் ஓடுவதில்லை. கலக்கும் அளவு அவ்வளவு சொற்பம். ஆனால் விரிப்புக்கு மேலே இருக்கும் ஈரமண்ணும் நீரும் மின்சாரத்தைக் கடத்தும். கீழே இருக்கும் மண்ணும் கடத்தும். மேலே ஒரு மின்முனை, கீழ் மண்ணில் ஒரு மின்முனை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? விரிப்பு முழுதாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஓர் ஓட்டை இருந்தால் நீர் நுழையும் அதே வழியில் மின்சாரமும் நுழையும். நீர் எங்கே திருடுகிறது என்று மின்சாரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

பூமிக்குள் மின்சாரம் செலுத்தி உள்ளே இருப்பதை அறியும் கலை புதியதன்று. பிரான்சு நாட்டின் கான்ராட் ஷ்லம்பர்ஜர் 1912ஆம் ஆண்டிலேயே நார்மண்டிப் பகுதியில் நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி அளந்து பார்த்தார். கனிமங்களைத் தேடுவதற்கான முயற்சி அது. விரிப்பின் ஓட்டையைத் தேட அதே கருத்தைத் திருப்பியவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரிலுள்ள சவுத்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தார். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறைக்காக அவர்கள் இந்த முறையை உருவாக்கினார்கள்.

இதை நம்ப மனம் வராத சிலர் எங்கள் வகுப்பில் இருந்ததால், அறிவியல் ஆசிரியையின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தோம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தோட்டத்து மண்ணை நனைத்துப் பரப்பினோம். அதன்மேல் ஓட்டையில்லாத பாலித்தீன் தாள். தாளின் விளிம்புகள் தொட்டிக்கு வெளியே வரும்படி விட்டு, உள்ளே நான்கு விரற்கடை குழாய்த்தண்ணீர். 9 வோல்ட் மின்கலத்தின் ஒரு கம்பியைத் தண்ணீரில் ஒரு மூலையிலும், மற்றொன்றை அடிமண்ணிலும் செருகினோம். மல்ட்டிமீட்டர் அசையவில்லை. பிறகு ஒருத்தி, மற்றவர்கள் திரும்பி நின்றிருக்க, தடித்த ஊசியால் தாளில் ஓரிடத்தில் குத்திவிட்டு, இடம் தெரியாதபடி தண்ணீரைச் சேற்றால் கலக்கிவிட்டாள். இப்போது மின்னோட்டம் தெரிந்தது. ஓட்டை உண்டு, ஆனால் எங்கே?

ஒரு மரஸ்கேலில் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு செப்புக் கம்பிகளைக் கட்டினோம். அவற்றை மல்ட்டிமீட்டருடன் இணைத்து மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்கேலைத் தண்ணீரில் கோடு கோடாக நகர்த்தினோம். பல இடங்களில் எண் அதிகம் மாறவில்லை. ஓரிடத்தை நெருங்கியதும் ஏறத் தொடங்கியது. உச்சிக்குப் போய், சட்டென்று இறங்கி, பூச்சியமாகி, பிறகு எதிர்க்குறியோடு ஏறியது. முன்கம்பி ஓட்டைக்கு மேலே வரும்போது ஒரு பக்க உச்சி. பின்கம்பி மேலே வரும்போது மறுபக்க உச்சி. இரண்டுக்கும் சரியாக நடுவில் ஓட்டை இருந்தால் பூச்சியம். தொட்டியில் பரவியிருக்கும் மின்சாரம் எல்லாத் திசையிலிருந்தும் அந்த ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதால் அங்கே மின்னழுத்தம் வேகமாக மாறுகிறது. ஊசி வைத்தவளிடம் "இங்கேதானே?" என்று கேட்டபோது அவள் முகமே பதில் சொல்லிவிட்டது. அதன்பின் வேண்டுமென்றே ஈரத்துணி ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் உள்நீருக்கும் வெளிமண்ணுக்குமாகப் போட்டோம். அடேயப்பா! மின்னோட்டம் எகிறியது, ஓட்டையின் சிறு குரல் அதில் அமுங்கிப் போயிற்று. இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

உண்மையான தளத்தில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறார்கள். மேற்போர்வையான மண்ணிலோ நீரிலோ ஒரு மின்முனை. விரிப்புக்கு வெளியே தரையில் மற்றொன்று. கொடுப்பது சில நூறு வோல்ட் நேர்மின்னோட்டம். நாங்கள் தொட்டியில் செய்தது 9 வோல்ட். யாரும் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதை முயலவே கூடாது என்று இங்கேயே சொல்லிவைக்கிறோம். அளப்பவர் இரண்டு மின்முனைகள் பொருத்திய சட்டத்தை ஏந்தி, வயலில் நாற்று நடுபவரைப் போல வரிசை தவறாமல் நடந்து, அடிக்கு அடி அளந்து குறித்துக்கொண்டே போகிறார். இரண்டடி மண்ணுக்குக் கீழே 6.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓட்டையை, அதாவது நாம் முதலில் சொன்ன மிளகை, இப்படிப் பிடிக்க முடியும். வேலை தொடங்குமுன் அதே அளவுள்ள ஓர் உலோகத் துண்டைக் கம்பியால் வெளித்தரையுடன் இணைத்து, போர்வைக்கு அடியில் புதைத்து, 'பொய் ஓட்டை' ஒன்றை உண்டாக்குவார்கள். கருவி அதைக் கண்டால்தான் மற்றதைக் காணும் என்று நம்பலாம். பரீட்சை வைப்பவருக்கே முதலில் ஒரு பரீட்சை! இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மண் போடுவதற்கு முன், விரிப்பு வெறுமையாகக் கிடக்கும்போது செய்யும் சோதனைகள் இன்னும் நுண்மையானவை. ஒரு முறையில், நீளமான துடைப்பான் போன்ற கருவியால் சிறிது நீரை விரிப்பின்மேல் தள்ளிக்கொண்டே போகிறார்கள். நீருக்குள் மின்முனை இருக்கிறது. ஓட்டையின்மேல் நீர் போனதும் அது கீழே இறங்கி மண்ணைத் தொடுகிறது, மின்சுற்று முழுமையாகிறது, கருவி ஒலி எழுப்புகிறது. ஒரு மில்லிமீட்டர் ஓட்டையும் தப்பாது. இன்னொரு முறைக்குத் தண்ணீரே வேண்டாம். 6,000 முதல் 35,000 வோல்ட் வரை அழுத்தமுள்ள, ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டமே தரும் ஒரு தூரிகையை விரிப்பின்மேல் தடவிக்கொண்டு போனால், ஓட்டை வந்ததும் தீப்பொறி பாய்ந்து கீழே தாவும். செங்குத்தான சரிவுகளில் தண்ணீர் நிற்காதல்லவா? அங்கே இது நல்ல உதவி.

வெறும் விரிப்பில் ஒருமுறை, போர்வை போட்டபின் ஒருமுறை என்று இரண்டு சோதனையும் செய்வதே முறை. செலவைக் காரணம் காட்டி ஒன்றோடு நிறுத்துபவர்கள் முதலாவதோடுதான் நிறுத்துவார்கள் போலும். எங்கள் கருத்தைக் கேட்டால், ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவதைச் செய்ய வேண்டும். பெரும்பாலான ஓட்டைகள் புல்டோசர் வந்தபின் விழுகின்றன என்று தெரிந்துகொண்டே, அது வருமுன் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது, பிள்ளை விளையாடப் போகுமுன் சட்டையைப் பார்த்துக் கிழியவில்லை என்று சொல்வதைப் போன்றது.

இந்த முறைக்கும் சில நிபந்தனைகள் உண்டு. மேற்போர்வை ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த சரளையில் மின்சாரம் நடக்காது. அடியிலும் கடத்தும் பொருள் இருக்க வேண்டும். இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நடுவில் வடிகால் வலையை வைத்திருந்தால், மேல்விரிப்புக்கு அடியில் இருப்பது வெறும் காற்றுதான். அப்போது இடைவெளியில் நீரை நிரப்ப வேண்டும். அல்லது மின்சாரத்தைக் கடத்தும் துணியை முன்கூட்டியே விரித்து வைத்திருக்க வேண்டும். இதற்காகவே அடிப்புறத்தில் மட்டும் கரி மிகுந்த, மின்கடத்தும் மெல்லிய படலம் சேர்த்த விரிப்புகளும் வந்துள்ளன. கறுப்பு விரிப்பு வெயிலில் விரிந்து மடிப்பு மடிப்பாக எழும்பும் வழக்கமுடையது. மடிப்பின் உச்சியில் ஓட்டை இருந்தால் அதற்கும் அடிமண்ணுக்கும் தொடர்பிராது; மின்சாரம் அதைக் காணாமல் போய்விடலாம். ஆகவே மடிப்பில்லாமல் விரிப்பது சோதனைக்கும் நல்லது, களிமண்ணோடு ஒட்டிப் படிவதற்கும் நல்லது.

எங்கள் ஈரத்துணி இங்கேதான் வருகிறது. போர்வை மண் கரையைத் தாண்டி வெளித்தரையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், லாரி இறங்குவதற்காகப் போட்ட மண்பாதை அப்படியே கிடந்தாலும், ஓர் இரும்புக் குழாய் விரிப்பைத் துளைத்துச் சென்றாலும் மின்சாரம் ஓட்டையைத் தேடிப் போகாது. அகலமான ராஜபாட்டை இருக்கும்போது சந்து வழியே யார் போவார்கள்? ஆகையால் சோதனைக்கு முன் கரையோரம் சுற்றிலும் மண்ணை விலக்கி, விரிப்பின் ஒரு பட்டையைச் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கச் செய்கிறார்கள். பெரிய குளத்தில் இதற்கே சிலசமயம் நாள் முழுதும் ஆகிவிடும். மழை பெய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து உலர்த்த வேண்டும்.

ஓட்டை கிடைத்துவிட்டால் அந்த இடத்தில் மண்ணைக் கையால் விலக்குவார்கள். இயந்திரத்தைக் கொண்டு தோண்டினால் ஓர் ஓட்டை இரண்டாகிவிடுமே! விரிப்பைத் துடைத்து உலர்த்தி, அதே பொருளில் ஒரு வட்டத்துண்டு வெட்டி, உருகிய பாலித்தீனால் ஓரங்களை ஒட்டி, சோப்புநீர்ப் பெட்டியை வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் அத்தோடு மூடிவிட மாட்டார்கள். பெரிய ஓட்டை இருக்கும்போது அருகிலுள்ள சின்ன ஓட்டையின் அடையாளம் அதற்குள் மறைந்து கிடக்கும். ஆகவே ஒட்டுப் போட்டபின் அந்தப் பகுதியில் மட்டும் மறுபடி மின்முனைச் சட்டத்தை ஏந்தி, வரிசை வரிசையாக ஒருமுறை நடக்கிறார்கள். இன்னொன்று அகப்பட்டால், மறுபடியும் கையால் தோண்டல்தான்.